முகம் நிலைத்தது, கதை மாறியது: ஜோக்கரின் பண்பாட்டுத் தாக்கம், ஓர் எளிய விளக்கம்

அமெரிக்க காமிக்ஸான பேட்மேன் கதைகளில் வில்லனாக வரும் ஜோக்கரைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் சில கூற்றுகள் தவறாமல் வந்துவிடுகின்றன. அந்த வேடத்தை ஏற்றதால்தான் நடிகர் ஹீத் லெட்ஜர் இறந்தார் என்பது ஒன்று. கைவிடப்பட்ட ஏழைகளின் குரலாகவே ஜோக்கர் படைக்கப்பட்டான் என்பது மற்றொன்று. அவன் பேசுவதெல்லாம் கசப்பான உண்மை, அதைக் கேட்கும் துணிவுதான் உலகத்துக்கு இல்லை என்பாரும் உண்டு. இவற்றோடு, எந்தப் படத்தில் வருபவன் 'அசல்' ஜோக்கர் என்ற சண்டையும் ஓய்ந்தபாடில்லை.

இந்தப் பேச்சுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் படிந்திருக்கிறது. ஜோக்கர் என்பவன் பிறப்பு, வளர்ப்பு, நோய், கொள்கை எல்லாம் உடைய ஒரே ஆள் என்றும், எழுத்தாளர்களும் நடிகர்களும் அந்த ஆளைச் சரியாகவோ தவறாகவோ காட்டுகிறார்கள் என்றும் நாம் எண்ணிக்கொள்கிறோம். 1940 முதல் அவன் கடந்துவந்த பாதையைப் பார்த்தால் அப்படியோர் ஆள் எங்குமே இருந்ததில்லை என்பது தெரியவரும். அவன் எப்படி உருவானான், எந்த வழியில் இத்தனை தலைமுறைகளைக் கடந்து வந்தான், காமிக்ஸ் பக்கங்களை விட்டு உலகத்துத் தெருக்களுக்கு எப்படி இறங்கினான் என்பதைப் புதிதாக அறிய வருபவர்களுக்காக இங்கே படிப்படியாக விளக்க முயல்கிறேன்.

சீட்டுக்கட்டிலிருந்து தொடங்குவோம்

ரம்மி ஆடியவர்களுக்கு ஜோக்கர் சீட்டின் இயல்பு நன்றாகத் தெரியும். கையில் ஐந்தும் ஆறும் எட்டும் இருந்து ஏழு மட்டும் வராமல் இழுத்தடிக்கும்போது, இடையில் ஜோக்கரைச் சொருகி வரிசையை முடித்துவிடலாம். அதே சீட்டு அடுத்த ஆட்டத்தில் வேறொருவர் கையில் ராணியின் இடத்தில் நிற்கும். அதற்குத் தனக்கென்று ஓர் எண் இல்லை. இஸ்பேட், ஆட்டின் என்ற இனமும் இல்லை. தோற்றவரின் கையில் புள்ளி எண்ணும்போது அதற்குப் பூஜ்யம்தான் கணக்கு. இருந்தும் அதை வேறொரு சீட்டு என்று ஒருவரும் மயங்குவதில்லை, ஏனெனில் அதன் படம் தனித்துத் தெரிகிறது.

காமிக்ஸ் ஜோக்கரும் இதே முறையில்தான் இயங்குகிறான். வெள்ளை முகம், பச்சை முடி, சிவந்து விரிந்த வாய், ஊதா உடை என்ற வெளித்தோற்றம் ஏறக்குறைய மாறாமல் நிற்க, அதன் பொருளை மட்டும் பயன்படுத்துபவர்கள் தங்கள் தேவைக்கேற்ப நிரப்பிக்கொள்ளும் உருவத்தை இந்தக் கட்டுரையில் 'காலிக் குறியீடு' என்று அழைப்போம். அவனுடைய செல்வாக்குக்கும் அவனைச் சுற்றிய குழப்பங்களுக்கும் வேர் இந்தக் காலியிடத்தில்தான் இருக்கிறது.

அந்தச் சிரிப்பு யாருடையது?

ஜோக்கர் முதலில் தோன்றியது 1940-ஆம் ஆண்டு வசந்தகால வெளியீடாக வந்த 'பேட்மேன்' முதல் இதழில். வானொலி நிகழ்ச்சி ஒன்றை இடைமறித்து உணர்ச்சியற்ற குரல் ஒன்று பேசுகிறது: இன்று நள்ளிரவில் ஹென்றி கிளாரிட்ஜ் என்ற செல்வந்தர் இறப்பார், அவருடைய வைரம் களவுபோகும். காவலர்கள் அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். மணி பன்னிரண்டு அடித்ததும், ஒருவரும் நெருங்காமலே அவர் அலறி விழுகிறார்; இறந்த முகத்தில் தசைகள் இழுபட்டு அகன்றதொரு சிரிப்பு உறைகிறது. பெட்டகத்தில் இருக்கும் வைரமோ வெறும் கண்ணாடி. முந்தைய இரவே ஜோக்கர் வந்து, உறங்கிக்கொண்டிருந்தவருக்கு இருபத்து நான்கு மணி நேரம் கழித்து வேலை செய்யும் நஞ்சை ஏற்றிவிட்டு, வைரத்தையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். இவன் யார், எங்கிருந்து வந்தான், ஏன் இப்படி ஆனான் என்பதைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வரிகூட இல்லை.

படைத்தவர் யார் என்பதிலேயே இணக்கம் இல்லை. எழுத்தாளர் பில் ஃபிங்கர், ஓவியர் பாப் கேன், அப்போது பதின்பருவத்தைத் தாண்டாத உதவி ஓவியர் ஜெரி ராபின்சன் ஆகிய மூவரும் இதில் பங்கு உடையவர்கள். சீட்டுக்கட்டின் ஜோக்கர் படத்தோடு தானே இந்தக் கருத்தைக் கொண்டுவந்ததாக ராபின்சன் கடைசிவரை சொன்னார்; ஃபிங்கர் காட்டிய ஒரு நிழற்படத்திலிருந்தே முகம் பிறந்தது, சீட்டு பிறகுதான் வந்தது என்றார் கேன். அந்த நிழற்படம் 1928-இல் வெளிவந்த 'தி மேன் ஹூ லாஃப்ஸ்' என்ற பேசாப்படத்தில் நடித்த ஜெர்மானிய நடிகர் கான்ராட் வைட்டினுடையது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்தப் படம் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1869-இல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் நாயகன் குவின்பிளேன் சிறுவனாக இருக்கும்போதே அவனுடைய வாயை அறுத்து, அழுதாலும் சிரிப்பதுபோல் தெரியும்படி செய்துவிடுகிறார்கள். கூட்டம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது, அவன் அதைத் தாங்கிக்கொண்டு வாழ்கிறான். அவன் நல்லவன்; கொடுமைக்கு ஆளானவன். காமிக்ஸ் படைப்பாளிகள் எடுத்துக்கொண்டது அந்த முகத்தை மட்டுமே. அதற்குப் பின்னாலிருந்த துயரத்தை நாவலிலேயே விட்டுவிட்டார்கள். பாதிக்கப்பட்டவனின் முகம் கொலைகாரனின் முகமாக மாறியது இப்படித்தான்.

அவன் பிழைத்ததும் தற்செயலே. அந்த முதல் இதழின் இன்னொரு கதையின் முடிவில், கைகலப்பில் தன் கத்தி தன் மேலேயே பாய்ந்து ஜோக்கர் சாக வேண்டும் என்பதே ஃபிங்கரின் திட்டம். பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் இவ்வளவு நல்ல வில்லனை இழக்க விரும்பவில்லை. அவன் உயிரோடிருப்பதை மருத்துவர் சொல்வதாக ஒரு சித்திரக் கட்டத்தை அவசரமாகச் சேர்க்கச் செய்தார். இத்தனை ஆண்டுகால வாழ்வு அந்த ஒரு கட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதுவரை கண்டதைச் சுருக்கினால்: ஜோக்கருக்கு முதலில் வந்தது முகம், வரலாறு தரப்படவில்லை, முகமும் இரவலாக வந்தது.

ஏன் இத்தனை ஜோக்கர்கள்?

அமெரிக்க காமிக்ஸ் தொழில் நடந்த முறை தெரிந்தால் இந்தக் கேள்விக்கு விடை எளிது. எழுதுபவருக்கும் வரைபவருக்கும் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி தரப்படும். பாத்திரமும் கதையும் முழுவதுமாக நிறுவனத்துக்கே உரிமையாகிவிடும். இதை 'கூலிப் படைப்பு முறை' எனலாம். 1974-இல் மறைந்த பில் ஃபிங்கரின் பெயர் பேட்மேனின் படைப்பாளர் வரிசையில் முறையாக இடம்பெற 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது அந்த முறையின் கொடுமையைக் காட்டும். வாசகர்கள் ரசிக்கும் ஒரு பாத்திரத்தின் பெரும்பகுதியை உருவாக்கியவர் உரிய பெயரின்றி இறந்தார் என்பதை அந்தப் பாத்திரத்தைக் கொண்டாடும் எவரும் நினைவில் வைக்க வேண்டும்.

உரிமை நிறுவனத்திடம் இருப்பதால் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்கலாம். முந்தைய இதழில் நடந்தது அடுத்த இதழிலும் நடந்ததாகவே கொள்ளப்படும் என்ற ஏற்பாட்டுக்குக் காமிக்ஸ் உலகில் 'தொடர்ச்சி' என்று பெயர். அதை அவ்வப்போது தளர்த்தி, ஒரு கதையைத் தொடர்ச்சிக்கு வெளியே வைக்கவும் பழைய நிகழ்வை இல்லாததாக ஆக்கவும் நிறுவனத்தால் முடியும். நாயகனான பேட்மேனுக்குப் பெற்றோர் கண்ணெதிரே கொல்லப்பட்ட சிறுவன் என்ற உறுதியான தொடக்கம் இருந்ததால், அவனை மாற்ற முயன்றவர்கள் ஓர் எல்லைக்குள் நின்றார்கள். ஜோக்கருக்கு அப்படியொரு வேலியே இல்லை.

கொலைகாரன் கோமாளியான காலம்

முதல் கதைகளில் கணக்கில்லாமல் கொன்றவன், சில ஆண்டுகளிலேயே நிறுவனத்தின் உள்விதிகளால் அடங்கிப்போனான். 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று நூல் எழுதினார். அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பாளர்கள் தாங்களாகவே கூடி 'காமிக்ஸ் நெறிமுறை' என்ற தணிக்கை ஏற்பாட்டை அமைத்துக்கொண்டார்கள். வன்முறையைக் குறைக்க வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்பன அதன் விதிகளுள் சில. இந்தச் சூழலில் ஜோக்கர் விசித்திரமான திருட்டுகளைச் செய்யும் குறும்புக்காரனாக ஆனான்.

1966 முதல் 1968 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரில் அவன் வேடம் ஏற்ற சீஸர் ரொமேரோ தன் மீசையை எடுக்க மறுத்துவிட்டார். ஒப்பனைக்காரர்கள் மீசையின் மேலேயே வெள்ளை பூசினார்கள். நெருக்கக் காட்சிகளில் அது இன்றும் தெரிகிறது. அவரைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு ஜோக்கர் என்றால் துள்ளிக் குதிக்கும் வேடிக்கைப் பாத்திரம்தான். அந்தத் தலைமுறையினர் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஜோக்கர் அவன்.

1973-இல் எழுத்தாளர் டென்னிஸ் ஓ'நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் அவனை மீண்டும் கொலைகாரனாக்கினார்கள். 'பேட்மேன்' 251-ஆம் இதழில், தன்னைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்று தெரியாததால் பழைய கூட்டாளிகளை ஒவ்வொருவராகத் தேடிக் கொல்கிறான். நடுவில் பேட்மேன் நினைவிழந்து காலடியில் கிடக்கிறான். ஜோக்கர் அவனைக் கொல்லாமல் விட்டுப் போகிறான். தன் திறமையால் வராமல் தற்செயலாக வரும் வெற்றி அவனுக்கு வேண்டாம். இருவருக்கும் இடையிலான ஆட்டமே அவனுக்கு முக்கியம் என்ற கருத்து இந்தக் கதையில்தான் தெளிவாக உருப்பெற்றது. பின்வந்த கதைகள் பலவும் இதன்மேல் எழுந்தவையே.

அடுத்த ஆண்டு, 1974-இல், ஆர்க்கம் என்ற மனநலக் காப்பகமும் கதைகளுக்குள் வந்தது. ஜோக்கர் 'பைத்தியக்காரன்' என்பது அவனோடு பிறந்த அடையாளம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த அடையாளம் அழுத்தம் பெற்றது இந்தக் காலத்துக்குப் பிறகுதான். 1940-இன் ஜோக்கர் திட்டமிட்டுக் கொன்று நகை திருடுபவன். அவன் போக வேண்டிய இடம் சிறை என்பதில் யாருக்கும் ஐயமிருக்கவில்லை. மனநோய் உள்ளவர்கள் கொலைகாரர்கள் என்ற தவறான எண்ணத்தை ஆர்க்கம் கதைகள் வளர்த்திருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். அவனுடைய பண்பாட்டுத் தாக்கத்தில் மிகவும் வருந்தத்தக்க பகுதி இதுவே என்பது என் கருத்து.

கடந்தகாலம் எத்தனை?

ஒரு பாத்திரம் இன்னாராக ஆனது எப்படி என்று சொல்லும் கதையைத் 'தோற்றக் கதை' என்பார்கள். ஜோக்கருக்கு அது கிடைக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. 1951-இல் வந்த 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 168-ஆம் இதழில், சிவப்பு முகமூடி அணிந்த திருடன் ஒருவன் தப்பிக்கும்போது இரசாயனக் கழிவில் குதித்ததால் முகம் வெளுத்து, முடி பச்சையானதாக ஃபிங்கர் எழுதினார். தோல் எப்படி வெளுத்தது என்பதற்கு விடை கிடைத்தது. முகமூடிக்குள் இருந்தவன் யார் என்பது அப்போதும் தெரியவில்லை.

1988-இல் ஆலன் மூர் எழுத, பிரையன் போலண்ட் வரைந்த 'தி கில்லிங் ஜோக்' அந்த முகமூடிக்குள் ஒரு மனிதனை வைத்தது. பிழைக்கத் தெரியாத நகைச்சுவைக் கலைஞன், கருவுற்ற மனைவி, வறுமை, கட்டாயத்தால் ஒப்புக்கொண்ட திருட்டு, அதே நாளில் மனைவியின் சாவு, இரசாயனத் தொட்டி. படிப்பவர் மனம் இளகும் நேரத்தில் ஜோக்கரே அந்தக் கதையைக் குலைக்கிறான்: தன் கடந்தகாலம் சில வேளை ஒருவிதமாகவும் சில வேளை வேறுவிதமாகவும் நினைவுக்கு வருகிறது, கடந்தகாலம் இருந்தே தீர வேண்டுமென்றால் அது பலவிடைக் கேள்வியாக இருக்கட்டும் என்கிறான். இந்தப் பேச்சைக் கவனிக்காமல் நகைச்சுவைக் கலைஞனின் கதையை மட்டும் 'உண்மை வரலாறு' என்று மேற்கோள் காட்டுபவர்கள்தான் அதிகம்.

1989-இல் டிம் பர்ட்டன் இயக்கிய படத்தில் ஜாக் நிக்கல்சன் ஏற்ற வேடத்துக்கு ஜாக் நேப்பியர் என்ற பெயரும் ரவுடி வாழ்க்கையும் வந்தன. 2008-இல் கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட்' எதிர்த்திசையில் சென்றது. வாயோரத் தழும்புகள் எப்படி வந்தன என்று ஒருவனிடம் குடிகாரத் தந்தையின் கதையைச் சொல்லும் ஜோக்கர், பிறகு ஒரு பெண்ணிடம் மனைவிக்காகத் தானே கிழித்துக்கொண்டதாகச் சொல்கிறான். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. 2019-இல் டாட் ஃபிலிப்ஸ் இயக்கிய 'ஜோக்கர்' படம் ஆர்தர் ஃபிளெக் என்ற ஏழையின் முழு வரலாற்றையும் சொல்வதுபோல் தோன்றினாலும், பக்கத்து வீட்டுப் பெண்ணுடனான உறவு அவனுடைய கற்பனையே என்று நடுவில் காட்டிவிடுகிறது. பிறகு பார்வையாளர் வேறெதையும் முழுமையாக நம்ப முடிவதில்லை.

2008-இன் அறுபட்ட வாயிலும், 2019-இல் ஆர்தர் அடக்க முடியாமல் சிரித்துத் தவிப்பதிலும் ஹியூகோவின் குவின்பிளேன் திரும்பி வருகிறான். 1940-இல் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவந்த துயரத்தை, பின்வந்தவர்கள் மீண்டும் அதில் பொருத்திப் பார்த்தார்கள்.

சுருக்கமாக: ஜோக்கருக்குத் தோற்றக் கதைகள் பல உண்டு, மிகச் சிறந்தவை அனைத்தும் தம்மை நம்ப வேண்டாம் என்று தாமே சொல்கின்றன.

அவன் வாதம் வென்றதா?

ஜோக்கரின் வசனங்களை வாழ்க்கைப் பாடங்களாகப் பகிர்பவர்கள் கதையின் முடிவை விட்டுவிடுகிறார்கள். 'தி கில்லிங் ஜோக்'கில் அவன் நிறுவ விரும்புவது ஒன்றுதான்: ஒரு கொடிய நாள் போதும், எப்படிப்பட்டவனும் தன்னைப் போல் ஆகிவிடுவான். அதற்காகக் காவல்துறை ஆணையர் கார்டனின் மகள் பார்பராவைச் சுடுகிறான். தந்தையைக் கடத்தி, குற்றுயிராய்க் கிடக்கும் மகளின் படங்களைக் காட்டிச் சித்திரவதை செய்கிறான். எல்லாம் முடிந்து பேட்மேன் வந்ததும் கார்டன் கேட்பது பழியன்று. அவனைச் சட்டப்படி பிடித்து வா, நம் வழிக்கும் பலன் உண்டு என்று அவனுக்குக் காட்ட வேண்டும் என்கிறார். அந்தக் கதையில் மிக அழுத்தமான பேச்சு எனக்கு இதுவாகவே படுகிறது. சுவரொட்டிகளில் அச்சாவதோ ஜோக்கரின் வசனங்கள்.

'தி டார்க் நைட்'டிலும் அப்படியே. ஒரு படகில் பொதுமக்கள், மற்றொன்றில் கைதிகள்; ஒவ்வொரு படகிலும் மற்றதை வெடிக்கச் செய்யும் கருவி; நள்ளிரவுக்குள் யாராவது அழுத்தாவிட்டால் இரண்டையும் தானே தகர்ப்பதாக ஜோக்கர் மிரட்டுகிறான். கைதி ஒருவர் கருவியை வாங்கி நீரில் எறிந்துவிடுகிறார். மக்களும் அழுத்தவில்லை. அச்சம் வந்தால் மனிதர்கள் ஒருவரை ஒருவர் தின்றுவிடுவார்கள் என்ற அவன் கணக்கு பொய்த்துப்போகிறது. அவன் பேச்சு ஈர்ப்பதற்குக் காரணம் எழுத்தின் திறமையும் நடிப்பின் வலிமையும். கதைகள் அந்தப் பேச்சுக்கு உண்மை என்ற முத்திரையைக் கொடுக்கவில்லை.

ஹார்லி கேட்ட கதை

காலியிடத்தை இரக்கத்தால் நிரப்புபவருக்கு என்ன நேரும் என்பதை எழுத்தாளர் பால் டினியும் ஓவியர் புரூஸ் டிம்மும் ஒரு பாத்திரத்தின் வாயிலாகக் காட்டினார்கள். 1992 செப்டம்பரில் ஒளிபரப்பான, பேட்மேன் அனிமேஷன் தொடரின் ஓர் அத்தியாயத்துக்காக உருவாக்கப்பட்ட ஹார்லி குவின், மக்களின் வரவேற்பால் நிலைத்து, பிறகு அச்சுக் காமிக்ஸுக்கும் வந்தாள். 1994-இல் வெளிவந்த 'மேட் லவ்' அவளுடைய முன்கதை. ஆர்க்கமில் பணிபுரியும் மனநல மருத்துவரான அவளிடம் ஜோக்கர் தன் குழந்தைப் பருவத்தைச் சொல்கிறான்: எப்போதும் அடிக்கும் தந்தை ஒரே ஒருமுறை மகிழ்ந்து சிரித்தது சர்க்கஸில் என்று. அவள் உருகுகிறாள், அவனுக்காக எல்லாவற்றையும் துறக்கிறாள்.

பிறகு பேட்மேனைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் வேளையில் அவள் அந்தக் கதையைச் சொல்ல, பேட்மேன் அவளிடம் வேறொன்றைச் சொல்கிறான். பரோல் அதிகாரி ஒருவரிடம் ஜோக்கர் இதே கதையைச் சொன்னபோது தந்தை சிரித்த இடம் பனிச்சறுக்கு நிகழ்ச்சி. சர்க்கஸ் என்றுதானே என்னிடம் சொன்னான் என்று அவள் தடுமாறுகிறாள். அவனிடம் இப்படி எத்தனையோ கதைகள் உண்டு என்கிறான் பேட்மேன். ஜோக்கரைப் பற்றி ஒரே ஒரு காமிக்ஸ் படிக்க நேரம் இருப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

அவனால் சிதைக்கப்பட்டவர்கள் தனி வாழ்வு பெற்றதும் இந்தத் தாக்கத்தின் பகுதி. ஹார்லி அவனை விட்டு விலகித் தனக்கென்று இதழ்களும் படங்களும் பெற்றாள். சுடப்பட்ட பார்பரா, நாயகனைத் தூண்டிவிடுவதற்காக மட்டுமே பெண்ணைச் சிதைக்கலாமா என்ற கடும் விமர்சனத்துக்குக் காரணமானாள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தகவல் திரட்டி மற்ற நாயகர்களை வழிநடத்தும் 'ஆரக்கிள்' என்ற பாத்திரமாக அவளை 1989-இல் வேறு எழுத்தாளர்கள் மீட்டெடுத்தார்கள்.

வாசகர்களே அவனுடைய கையாள்களான சம்பவமும் உண்டு. 1988-இல், பேட்மேனின் இளம் துணைவனான ராபின் வேடத்தை இரண்டாவதாக ஏற்ற ஜேசன் டாட்டை ஜோக்கர் அடித்து நொறுக்கி, குண்டுவெடிப்பில் சிக்கவைத்த இடத்தில் இதழ் முடிந்தது. அவன் பிழைக்கலாமா, சாகலாமா என்று கட்டணத் தொலைபேசி எண்களில் வாக்களிக்கச் சொன்னார்கள். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271 அழைப்புகள். 72 வாக்கு வேறுபாட்டில் சிறுவன் கொல்லப்பட்டான்.

தெருவில் இறங்கிய முகம்

2009-இல் லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் அதிபர் பராக் ஒபாமாவின் முகத்துக்கு ஜோக்கர் ஒப்பனை இட்ட சுவரொட்டி தோன்றியது. கீழே 'சோஷலிசம்' என்ற சொல். அந்தப் படத்தை உருவாக்கியவர் கணினியில் படம் திருத்திப் பழகிய ஒரு கல்லூரி மாணவர். சொல்லைச் சேர்த்து ஒட்டியவர் வேறொருவர். பணக்குவியலைக் கொளுத்திவிட்டுப் போகும் ஒரு பாத்திரத்துக்கும் அந்தப் பொருளாதாரக் கொள்கைக்கும் எந்த உறவும் இல்லை. அச்சமூட்டும் முகம் என்பதே ஒட்டியவருக்குப் போதுமானதாக இருந்தது.

பத்தாண்டுகள் கழித்து அதே முகம் நேர் எதிரான பொருளைப் பெற்றது. 2019 அக்டோபரில் 'ஜோக்கர்' படம் வெளிவந்த நாட்களிலேயே பல நாடுகளில் கிளர்ச்சிகள் மூண்டன. லெபனானில் வாட்ஸ்அப் அழைப்புக்கு வரி விதிக்கும் முன்மொழிவு, சிலியில் மெட்ரோ கட்டண உயர்வு, ஹாங்காங்கில் ஏற்கெனவே நடந்துவந்த போராட்டத்தை மேலும் தூண்டிய முகமூடித் தடை எனப் பொறிகள் வேறு வேறு. பெய்ரூட்டிலும் சாண்டியாகோவிலும் ஹாங்காங்கிலும் கூட்டத்தின் நடுவே ஜோக்கர் முகங்கள் தென்பட்டன. படத்திலேயே ஆர்தர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தனக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்கிறான். தெருவில் இறங்கியவர்களுக்கு அது பொருட்டாக இல்லை. அவர்கள் ஆர்தரைப் பின்பற்றவில்லை. தங்கள் கோபத்துக்கு உலகம் உடனே அடையாளம் காணும் ஒரு முகத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே கைவிடப்பட்டவர்களின் குரலாக ஜோக்கர் படைக்கப்பட்டான் என்பது வரலாற்றுப்படி தவறு. 2019-இல் அவர்கள் அவனை அப்படி ஆக்கிக்கொண்டார்கள் என்பது சரி.

இரண்டு வதந்திகள்

லெட்ஜர் 2008 ஜனவரி 22 அன்று நியூயார்க்கில் இறந்தார். மருத்துவர் எழுதித்தரும் வலி, தூக்கமின்மை, பதற்றம் ஆகியவற்றுக்கான மருந்துகள் பல சேர்ந்ததால் நேர்ந்த விபத்து என்று நகரின் மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் அறிவித்தது. அவர் ஜோக்கராக நடித்த 'தி டார்க் நைட்'டின் படப்பிடிப்பு அதற்கு முன்பே முடிந்திருந்தது. அவர் வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். மறைவுக்குப் பின் 2009-இல் அவருக்குக் கிடைத்த ஆஸ்கர், வேடம் நடிகனை விழுங்கியது என்ற கட்டுக்கதைக்கு மேலும் வலுவூட்டியது. ஒரு கலைஞரின் கடும் உழைப்பைப் பேய்பிடித்தலாக மாற்றிப் பேசுவது அவருக்குச் செய்யும் அநீதி. 2020-இல் இதே பாத்திரத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பெற்ற வாக்கின் ஃபீனிக்ஸ் அதன் பிறகும் நடித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது வதந்தி 2012 ஜூலை 20 அன்று கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரத் திரையரங்கில் 12 பேர் கொல்லப்பட்ட படுகொலையைப் பற்றியது. கொலையாளி தன்னை ஜோக்கர் என்று கூறிக்கொண்டதாக முதல் நாளே செய்தி பரவியது. அதற்கு ஆதாரம் இல்லை என்று வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் பின்னர் தெளிவுபடுத்தினார். அன்று திரையிடப்பட்ட 'தி டார்க் நைட் ரைசஸ்' என்ற பேட்மேன் படத்தில் ஜோக்கர் வரவேயில்லை. புரிந்துகொள்ள முடியாத ஒரு கொடுமைக்கு விளக்கம் தேடியவர்களுக்கு, எந்தக் காலியிடத்திலும் பொருந்தும் அந்தப் பெயர் அன்றும் கைகொடுத்துவிட்டது.

உரிமை முடியும் நாள்

அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய பழைய நிறுவனப் படைப்புகளின் காப்புரிமை வெளியான ஆண்டு தொடங்கி 95 ஆண்டுகள் நீடிக்கும். குவின்பிளேனாக வைட் சிரித்த 1928-ஆம் ஆண்டுப் படம் 2024-இலேயே பொதுச்சொத்தாகிவிட்டது. 1940-இன் ஜோக்கர் 2036 ஜனவரி 1 அன்று அந்த நிலையை அடைவான். அப்போது விடுபடுவது முதல் கதைகளில் உள்ள ஜோக்கர் மட்டுமே. இரசாயனத் தொட்டிக்கு 2047 வரையும், தோற்றுப்போன நகைச்சுவைக் கலைஞனுக்கும் ஹார்லிக்கும் இன்னும் பல பத்தாண்டுகளும் காத்திருக்க வேண்டும், வணிகச் சின்னமாகப் பதிவான பெயர்களும் உருவங்களும் நிறுவனத்திடமே இருக்கும். அந்த நாளில் எழுத உட்காரும் எவருக்கும் சட்டம் தருவது வெள்ளை முகமும் வானொலிக் குரலும் நஞ்சும் உடைய, பெயரோ ஊரோ சொல்லப்படாத அந்த முதல் ஆளை மட்டுமே.